யாரால்?: ரோந்து வண்டிகளும் பதில் சொல்லும் பொறுப்பும்

2022 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் மும்பையிலிருந்து ஒரு செய்தி வந்தது. பெண்களின் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்ட நிர்பயா நிதியிலிருந்து 30 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, அந்த ஆண்டு ஜூன் மாதம் மும்பை காவல்துறை 220 பொலேரோ வண்டிகள், 35 எர்டிகா கார்கள், 313 பல்சர் பைக்குகள், 200 ஆக்டிவா ஸ்கூட்டர்கள் வாங்கியிருந்தது. ஜூலையில் நகரின் 97 காவல் நிலையங்களுக்கும் வேறு சில பிரிவுகளுக்கும் அவற்றைப் பிரித்துக் கொடுத்தார்கள். அதே நாட்களில்தான் சிவசேனா உடைந்து ஏக்நாத் ஷிண்டே முதலமைச்சராகியிருந்தார். அவர் பக்கம் வந்த 40 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் 12 நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் 'ஒய் பிளஸ்' பாதுகாப்பு கொடுக்க முடிவாயிற்று. அதற்கு வண்டி போதவில்லை. காவல் நிலையங்களுக்குப் போன பொலேரோக்களில் 47 வண்டிகளைத் திரும்ப வாங்கினார்கள். செய்தி வெளியானபோது அவற்றில் 17 மட்டுமே நிலையங்களுக்குத் திரும்பியிருந்தன. மீதி 30 வண்டிகள் மக்கள் பிரதிநிதிகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

எதிர்க்கட்சிகள் கண்டித்தன. ஆளும் தரப்பு, முந்தைய ஆட்சியிலும் இது நடந்ததுதானே என்று திருப்பிக் கேட்டது. சில நாட்கள் சத்தம் இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. இந்தச் சச்சரவு முழுவதிலும் நான் எதிர்பார்த்த ஒரு கேள்வியை யாரும் கேட்டு என் காதில் விழவில்லை. அந்த 30 வண்டிகள் இல்லாத காவல் நிலையங்களின் எல்லையில், அந்த மாதங்களில், உதவி கேட்டு அழைத்த பெண்களுக்கு என்ன பதில் கிடைத்தது? வண்டி யாருக்குப் போனது என்பது கட்சிகளுக்கிடையிலான வழக்கு. யாருக்கு வரவில்லை என்பது நம்முடைய வழக்கு. முதல் வழக்கில் இரண்டு பக்கமும் வாதாட ஆளிருக்கிறது. இரண்டாவது வழக்கு பதிவாகவே இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் பேச விரும்புவது அந்த இரண்டாவது வழக்கைப் பற்றி. நான் தமிழ் படித்தவள், தமிழ் நடத்துகிறவள். சட்டமோ நிர்வாகமோ என் துறை அல்ல. ஆனால் அரசின் வாக்கியங்களைப் படிக்க எனக்குத் தெரியும். ஒரு வாக்கியத்தில் எழுவாய் எங்கே நிற்கிறது, எங்கே காணாமல் போகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில்.

நடமாடும் காவல் நிலையம், ரோந்து வாகனம், மகளிர் பாதுகாப்பு வாகனம் என்று எந்தப் பெயரில் வந்தாலும், வண்டி வரும்போது வெளியாகும் அறிவிப்பின் இலக்கணம் ஒன்றுதான். முதலமைச்சர் வழங்கினார். அமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். ஆணையர் பார்வையிட்டார். எல்லாமே செய்வினை. எழுவாய் முதல் சொல்லாக, பதவியும் அடைமொழியும் சேர்ந்து, நிமிர்ந்து நிற்கிறது. புகைப்படமும் இதே இலக்கணத்தில்தான் எடுக்கப்படுகிறது: நடுவில் கொடி பிடித்த கை, பின்னால் வரிசையாகப் புது வண்டிகள், ஓரத்தில் சீருடையில் சில பெண் காவலர்கள்.

அதே வண்டி வேறு வேலைக்குப் போகும்போது வாக்கியம் மாறிவிடுகிறது. வாகனங்கள் மாற்றுப் பணிக்கு அனுப்பப்பட்டன. பாதுகாப்புத் தேவை கருதிப் பயன்படுத்தப்பட்டன. விரைவில் திருப்பி அனுப்பப்படும். எல்லாமே செயப்பாட்டுவினை. யாரால் அனுப்பப்பட்டன? மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபைக் காணோம். தமிழில் செயப்பாட்டுவினை வாக்கியத்திலும் செய்தவனுக்கு ஓர் இடம் உண்டு. 'ஆல்' என்ற உருபு அவனைப் பிடித்து நிறுத்தும். அரசின் தமிழ் அந்த ஓர் உருபை மட்டும் பார்த்துப் பார்த்துக் கழற்றிவிடுகிறது. அரசியலில் பதில் சொல்லும் பொறுப்பு என்று நாம் கேட்பதை ஒரு தமிழாசிரியையாகச் சொல்வதென்றால், கழன்று விழுந்த அந்த 'ஆல்' உருபைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பதுதான்.

பெயரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'நிர்பயா' என்றால் அச்சமில்லாதவள். 2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பேருந்தில் சிதைக்கப்பட்ட பெண்ணின் சொந்தப் பெயரைச் சட்டப்படி வெளியிடக் கூடாது என்பதால் ஊடகம் சூட்டிய பெயர்களில் ஒன்று அது. 2013 நிதிநிலை அறிக்கையில் 1000 கோடி ரூபாய் ஒதுக்கி அந்தப் பெயரையே நிதிக்கு வைத்தார்கள். அந்த இரவைப் பற்றி, உடனிருந்த நண்பர் பின்னர் தொலைக்காட்சியில் சொன்ன ஒரு குற்றச்சாட்டு உண்டு. ரோந்து வண்டிகள் வந்தன. ஆனால் இது எந்தக் காவல் நிலையத்தின் எல்லை என்று வாதித்துக்கொண்டிருந்ததில் நேரம் போயிற்று என்றார் அவர். டெல்லி காவல்துறை அதை மறுத்தது. மறுப்பையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். ஆனால் அந்தக் குற்றச்சாட்டின் உள்ளடக்கத்தைக் கவனியுங்கள். வண்டி இல்லை என்று அவர் சொல்லவில்லை. வந்த வண்டிகள் யாருக்குப் பொறுப்பு என்பதில்தான் தகராறு என்றார். அதற்கு அரசு கண்ட மருந்துகளில் முக்கியமானது, இன்னும் வண்டிகள் வாங்குவது.

2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு கால்நடை மருத்துவர் கொல்லப்பட்டபோதும் இதே கதைதான். மகளைக் காணோம் என்று இரவில் ஓடிய குடும்பத்தை, எங்கள் எல்லை இல்லை என்று ஒரு நிலையம் இன்னொன்றுக்கு அனுப்பியது. தாமதத்துக்காகக் காவலர்கள் மூவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்று 2013இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. வர்மா குழு 29 நாட்களில் அறிக்கை கொடுத்து, காவல்துறைச் சீர்திருத்தத்தை விரிவாகப் பேசியது. அந்த அறிக்கையிலிருந்து பதில் சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொள்வது கடினம். அது அதிகாரிகளைச் சங்கடப்படுத்தும். வண்டியை எடுத்துக்கொள்வது சுலபம், அதற்குக் கொடியசைக்கலாம்.

வண்டியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காவல்துறை பெண்ணைத் தேடி வர வேண்டும் என்பது நம் சட்டத்தில் பழைய கொள்கை. ஒரு பெண்ணைச் சாட்சி விசாரணைக்கு அவள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்தது. இப்போதைய புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. அப்படிப் பார்த்தால் காவல்துறை நடமாடுவது அரசு நமக்குத் தரும் சலுகை அல்ல, சட்டம் அதன் மேல் வைத்த கடமை. நிலையம் என்ற கட்டடம் பெண்களுக்கு என்னவாக இருந்திருக்கிறது என்பதிலிருந்தும் இந்தத் தேவை பிறக்கிறது. 1972இல் மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு நடந்ததும், பின்னர் உச்ச நீதிமன்றம் அந்தக் காவலர்களை விடுவித்ததும், அதற்கு எதிராக நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய பகிரங்கக் கடிதமும்தான் இந்தியப் பெண்ணியத்தின் ஒரு பெரிய அலையைத் தொடங்கி வைத்தன.

ஆனாலும் வண்டி வருவது எல்லாப் பெண்களுக்கும் ஒரே செய்தி அல்ல. வகுப்பில் ஒருமுறை இந்த அறிவிப்புகளை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி சொன்னாள்: "அம்மா, எங்க தெருவுல போலீஸ் வண்டி வந்து எங்க வீட்டு வாசல்ல நின்னா, என்ன நடந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் என்ன பண்ணுனேன்னுதான் கேப்பாங்க. எங்கப்பா உட்பட." பின் வரிசையிலிருந்து இன்னொருத்தி, "எங்க காலனிக்குள்ள வண்டி வந்தா ஆம்பளைங்க எல்லாம் ஓடிருவாங்கம்மா, யாரைத் தூக்கப் போறாங்களோன்னு" என்றாள். முதல் மாணவிக்கு வண்டி என்றால் மானம் பற்றிய பயம். இரண்டாம் மாணவிக்கு அது சாதி பற்றிய நினைவு. இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் நகரத்து நடுத்தர வர்க்கத்துப் பெண்ணை மட்டும் மனதில் வைத்துத் தீட்டியதாகத்தான் இருக்கும்.

இரண்டாம் மாணவியின் நினைவு ஆதாரமில்லாதது அல்ல. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்திக்கு அரசு நடமாடித்தான் வந்தது. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஊரை வளைத்தன. 18 பழங்குடிப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊர் சூறையாடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. அதே 1992இல்தான் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே ஆட்சியில். ஒன்று செய்வினை வாக்கியமாக நம் நினைவில் நிற்கிறது. மற்றது முப்பது ஆண்டுகளுக்குச் செயப்பாட்டுவினையாகவே இருந்தது.

வாச்சாத்தி வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன ஒரு பகுதி. தண்டனையை உறுதி செய்ததோடு அது நிற்கவில்லை. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. 31 ஆண்டுகள் கழித்து, முதல் முறையாக, 'ஆல்' உருபு கீழ்நிலை ஊழியரைத் தாண்டி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் வரை போயிற்று. அங்கிருந்து கோட்டை வரை அது போகவில்லை. ஆனால் அந்த இடம் வரை அதை இழுத்து வந்தது அந்தப் பெண்களும் அவர்களோடு நின்ற பழங்குடி, இடதுசாரி அமைப்புகளும் என்பதை நாம் மறக்கக் கூடாது. எந்த அரசும் தானாக வந்து பதில் சொல்லவில்லை.

ரோந்து வண்டிகளின் நிறத்துக்கும் பெயருக்கும் வருகிறேன். 2019இல் சென்னையில் இளஞ்சிவப்பு வண்ணத்தில் பெண்களுக்கான ரோந்து வண்டிகள் வந்தன. அவற்றுக்கு 'அம்மா' ரோந்து என்று பெயர். உணவகம், குடிநீர், உப்பு, மருந்தகம் என்று ஏற்கெனவே ஒட்டிய பெயர்தான். பெண்களின் பாதுகாப்பு, குடிமகளுக்கு அரசு செலுத்த வேண்டிய கடனாக இல்லாமல், தாய் பிள்ளைக்குக் கொடுக்கும் கொடையாக மாறும்போது ஒரு சிக்கல் வருகிறது. தாயிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொண்டால் அது அவர் விருப்பம். பெயர்ப் பலகை ஆட்சிக்கு ஆட்சி மாறும். கொடை என்ற மனநிலை மாறுவதில்லை. மும்பையில் நடந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த வண்டிகள் பெண்களுக்கு உரியவை என்று அதிகார மையத்தில் யாராவது உண்மையிலேயே நம்பியிருந்தால், அவற்றைக் கேட்கும் கடிதத்தை எழுதும்போது கை கூசியிருக்கும்.

இளஞ்சிவப்பு வண்டி பெண்களையே கண்காணிக்கும் வண்டியாகவும் ஆகலாம். உத்தரப் பிரதேசத்தில் 2017இல் பெண்களைக் காக்கவென்று தொடங்கிய 'ரோமியோ எதிர்ப்பு' படைகள், பூங்காவிலும் தெருவிலும் சேர்ந்து நின்ற இளம் ஆண்களையும் பெண்களையும் பிடித்து விசாரித்து அவமானப்படுத்தியதை நாடே பார்த்தது. காதலிக்கிற பெண், இரவில் வேலை முடிந்து நடந்து வரும் பெண், திருநங்கை ஆகியோருக்கு ரோந்து வண்டியின் விளக்கு பாதுகாப்பின் ஒளி அல்ல. எங்கே போகிறாய், கூட வருவது யார், வீட்டு நம்பர் கொடு என்ற விசாரணையின் தொடக்கம். எனவே, வண்டியை அரசியல்வாதிகள் எடுத்துக்கொண்டார்கள், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பதோடு பெண்ணியக் கோரிக்கை முடிந்துவிடாது. திரும்பி வரும் வண்டி என்ன செய்யும் என்பதற்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

வண்டிக்குள் என்ன நடக்கலாம் என்பதைத் தமிழ்நாடு 2021 பிப்ரவரியில் பார்த்தது. முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியில் இருந்த ஒரு பெண் ஐபிஎஸ் அதிகாரியை, சட்டம் ஒழுங்குப் பொறுப்பில் இருந்த சிறப்பு டிஜிபி தன் காரில் ஏறச் சொல்லி, அதே காரில் பாலியல் துன்புறுத்தல் செய்தார். புகார் கொடுக்க அந்த அதிகாரி சென்னைக்குக் கிளம்பியபோது, செங்கல்பட்டு அருகே பரனூர் சுங்கச்சாவடியில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் தலைமையில் காவல் படை அவருடைய காரை மறித்தது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் சிறப்பு டிஜிபியாக இருந்தவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனையும், மறித்த கண்காணிப்பாளருக்கு 500 ரூபாய் அபராதமும் விதித்தது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டை மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இந்த வழக்கை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இதில் இரண்டு அரசு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று குற்றம் நடந்த இடம். இன்னொன்று புகார் சொல்லப் போன பெண் உட்கார்ந்திருந்த இடம். முதல் வண்டியை யாரும் நிறுத்தவில்லை. இரண்டாவதை நிறுத்த ஆயுதம் ஏந்திய காவலர்கள் வந்தார்கள். சீருடையும் பதவியும் சொந்தமாக அரசு வண்டியும் இருந்த ஒரு பெண்ணையே புகார் கொடுக்கப் போகும் வழியில் மறிக்க முடியும் என்றால், 181க்கோ 100க்கோ அழைத்துவிட்டு வாசலில் காத்திருக்கும் பெண்ணின் நிலை என்ன? மறித்ததற்கான விலை 500 ரூபாய்.

தமிழ் இலக்கியம் வண்டியையும் அரசனின் பொறுப்பையும் ஏற்கெனவே சேர்த்துப் பேசியிருக்கிறது. மனுநீதிச் சோழன் கதையை நாம் பாடப் புத்தகத்தில் ஒரு நீதிக்கதையாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அது ஓர் அரசு வாகனம் பற்றிய வழக்கு. ஓட்டியவன் இளவரசன், இறந்தது கன்று, முறையிட்டது தாய்ப்பசு. சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை விரிக்கும்போது சேர்க்கும் ஒரு பகுதி எனக்குப் பிடித்தமானது. அமைச்சர்கள் அரசனிடம், இதற்கு நூல்களில் பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்துவிட்டால் போதும் என்கிறார்கள். வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றிருந்தால் இப்படித்தான் சொல்வீர்களா என்ற பொருளில் அரசன் மறுக்கிறான். இன்றைய காவல்துறை அறிக்கைகளில் வரும் 'துறை ரீதியான நடவடிக்கை' என்ற சொற்றொடரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அமைச்சர்களின் பிராயச்சித்தம்தான் என் நினைவுக்கு வரும். இடமாற்றம், காத்திருப்போர் பட்டியல், சில மாதம் கழித்து வேறோர் இடத்தில் பதவி. பாவம் கழிந்துவிட்டது.

அரசன் மகனைத் தேர்க்காலில் இட்டது நமக்கு முன்மாதிரி அல்ல. உயிருக்கு உயிர் என்ற நீதியைப் பெண்ணியம் ஏற்பதில்லை. வர்மா குழுவும் பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் மணி ஒலித்ததும், இது எந்தத் துறையின் எல்லை என்று யாரும் கேட்கவில்லை. தேரை யார் ஓட்டியது என்ற கேள்விக்கு அரசனின் வீட்டிலிருந்தே விடை வந்தது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் வழக்குரைக்கும் கண்ணகி, தன் ஊரை அறிமுகப்படுத்தும்போது இந்தச் சோழனைத்தான் சொல்கிறாள். அவள் கதை சொல்லவில்லை, முன்தீர்ப்பைக் காட்டுகிறாள். என் ஊரில் அரசன் தன் மகனின் குற்றத்துக்கே பதில் சொன்னான், உன் ஊரில் என்ன வழக்கம் என்று கேட்கிறாள். தமிழில் ஒரு பெண் அதிகாரத்தைப் பார்த்து எழுப்பிய பொறுப்புக் கேள்விகளில் இதைவிடத் துல்லியமானதை நான் படித்ததில்லை. கண்ணகியைக் கற்பின் சிலையாக்கியவர்கள் அவளுடைய இந்த வாதத்திறமையைப் பீடத்துக்கு அடியில் புதைத்துவிட்டார்கள்.

கண்ணகியின் வழியில் நாமும் குறிப்பாகக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நிர்பயா நிதியிலிருந்து பணம் வாங்கும் மாநிலம், அந்தப் பணத்தை உரிய காரியத்துக்குச் செலவழித்தோம் என்று பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். வண்டி வாங்கியாயிற்று, ரசீது இருக்கிறது என்றால் சான்றிதழ் நிறைவு பெற்றுவிடும். அதன் பிறகு வண்டி எங்கே ஓடுகிறது என்பது அந்தச் சான்றிதழில் இல்லை. மும்பையின் 47 வண்டிகள் நுழைந்தது இந்த ஓட்டையில்தான். காகிதத்தில் எந்தப் பணமும் திருடு போகவில்லை. பொருள் இருந்தது, பதிவெண் இருந்தது, எண்ணெய்க் கணக்கும் இருந்தது. நோக்கம் மட்டும் களவு போயிருந்தது.

நோக்கத்தைக் கணக்கில் கொண்டுவர ஒரு கருவி ஒவ்வொரு அரசு வண்டியிலும் ஏற்கெனவே இருக்கிறது: லாக் புக். எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், யார் உத்தரவில் என்று ஓட்டுநர் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டிய நோட்டு. பெண்கள் பாதுகாப்பு நிதியில் வாங்கிய ஒவ்வொரு வண்டியின் லாக் புக்கிலிருந்தும், மாதத்தில் எத்தனை நாள் அது வேறு வேலைக்குப் போனது, உத்தரவிட்ட அதிகாரியின் பதவி என்ன என்ற இரண்டு விவரங்களை மட்டும் காவல்துறை வெளியிட்டால் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே அரசு வெளியிட வேண்டிய தகவல்களைப் பற்றித்தான் பேசுகிறது. பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுப்பார்கள். எந்தத் தலைவரின் பின்னால் எந்த வழியாக வண்டி போனது என்று நாம் கேட்கவில்லை. எங்கள் நிலையத்தில் எத்தனை நாள் அது இல்லை என்றுதான் கேட்கிறோம்.

உயிருக்கு அச்சுறுத்தல் உள்ள மக்கள் பிரதிநிதிக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிச்சயம் வேண்டும். அதற்கென்று நிதி ஒதுக்கி, அதை அவையில் சொல்லி, வாக்கெடுத்து வாங்கட்டும். காவல்துறை மானியக் கோரிக்கை ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் வருகிறது. அங்கே இதைச் சொன்னால், கட்சி மாறிய ஒருவருக்கு எதற்காக, எவ்வளவு, எத்தனை நாள் என்று மக்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதற்குத்தான் பெண்களின் பெயரில் உள்ள நிதி வசதியாக இருக்கிறது. அச்சமில்லாதவள் என்ற பெயரில் வாங்கிய வண்டி, அச்சத்தில் இருக்கும் அதிகாரத்தைச் சுமந்துகொண்டு போகிறது.

புகார் எங்கே கொடுப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில், காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி அதற்குத் தலைவராக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநில அளவில் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். மாவட்ட அளவில் ஆட்சியர். கூட இருக்கும் உறுப்பினர்கள் காவல்துறை உயர் அதிகாரிகள். வாச்சாத்தித் தீர்ப்பு யார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது என்பதைத் திரும்ப நினைத்துப் பாருங்கள்: ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர். அப்படி ஒரு ஊருக்கு மறுபடியும் நேர்ந்தால், அந்த ஊர்ப் பெண்கள் மாவட்ட அளவில் போய் நிற்க வேண்டியது அதே நாற்காலிகளின் முன்னால். ஆட்சி மாறியும் எந்தக் கட்சியும் இந்த அமைப்பை மாற்றத் துடிக்கவில்லை. பாதுகாப்பு வண்டிகளைப் பற்றிப் பேசும் தேர்தல் அறிக்கைகள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

இதை வாசிக்கும் மாணவிகள் செய்யக்கூடிய ஒரு சிறிய வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் அடுத்த முறை பெண்களுக்கான ரோந்து வண்டிகளுக்குக் கொடியசைக்கும்போது, அந்தச் செய்தியை வெட்டி வையுங்கள். வண்டிகளின் எண்ணிக்கை, எந்த நிதி, எந்தெந்த நிலையங்களுக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து, 10 ரூபாய்க் கட்டணத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிலையங்களுக்கு ஒரு மனு எழுதுங்கள். வண்டி இப்போது இங்கே இருக்கிறதா, கடந்த 12 மாதங்களில் எத்தனை நாள் வேறு பணிக்குப் போனது, யாருடைய உத்தரவில், பெண்களிடமிருந்து வந்த எத்தனை அழைப்புகளுக்கு அது போனது. நான்கு கேள்விகள்தான். பதிலில் 'அனுப்பப்பட்டது' என்று முடியும் வாக்கியம் ஏதாவது இருந்தால், அதன் கீழே கோடிட்டு, 'யாரால்?' என்று எழுதி, மேல்முறையீடாகத் திருப்பி அனுப்புங்கள். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு.